குதிருக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

“ஏட்டி, பச்சரிசியத் திங்காத. கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டித் தீத்துரும்.”

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா இப்படிச் சொல்வாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அவளும் ஒரு சிட்டிகையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கு ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. மழை கொட்டித்தான் தீர்த்தது. தாமிரபரணிக் கரையில் ஐப்பசியில் மழை பெய்ய யாரும் அரிசி தின்ன வேண்டியதில்லை என்று எனக்காக ஒருவரும் அன்று வாதாடவில்லை.

நான் லேப் டெக்னீஷியன். 1979-இல் வேலைக்குச் சேர்ந்தேன். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி ஜங்ஷனிலுமாக முப்பத்தேழு வருஷம் தனியார் ஆய்வகங்களில் ரத்தம் எடுத்தேன், சளி பார்த்தேன், மலம் பார்த்தேன். வந்தவர்கள் முதலில் ‘லேப்பு அக்கா’ என்றார்கள். கடைசிப் பத்து வருஷம் ‘லேப்பு ஆச்சி’. பச்சரிசி, அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், புற்று மண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடித்துத் தின்னும் சிலேட்டுப் பல்பம் இவற்றின் மேல் வருகிற அடக்க முடியாத ஆசைக்கும், உடம்பில் இரும்பு வற்றுவதற்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். அந்த இரும்பை அளக்க மனிதர்கள் பட்ட பாட்டையும், அந்த அளவை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வழியையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. மருத்துவர்கள் எழுதினால் நோயை எழுதுவார்கள். குழாய் கழுவினவள் எழுதினால் குழாயும் வரும்.

வெளுப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் அதற்குப் பாண்டு என்று பெயர். மருந்து அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி வேறொன்றுமில்லை, இன்று மாத்திரையாக விழுங்குகிறோமே, அந்த ஃபெரஸ் சல்பேட்தான். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த வருஷமே ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. இரண்டுக்கும் இடையே எத்தனையோ வாதம் உண்டு. ஆனால் வெளுத்துப்போய் ஒருத்தி வந்து நின்றால் இரண்டு இடத்திலும் முதலில் செய்தது ஒன்றுதான்: கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள்.

கண்ணுக்கு அடுத்தபடி எங்களுக்குக் கிடைத்த கருவி சாலி. பெர்ன் நகரத்து மருத்துவர் ஹெர்மன் சாலியின் பெயரில் வந்த ஹீமோகுளோபின் மீட்டர். சின்னக் குழாயில் இருபது குறி வரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரலில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைப் பைப்பெட்டில் வாயால் உறிஞ்சி அதில் விட வேண்டும். பத்து நிமிஷத்தில் அது கடுங்காப்பி நிறத்துக்கு வரும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, இரண்டு பக்கமும் இருக்கிற பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை நீர்க்க வைக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணாச்சி வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம்தான் உட்கார வைப்பார். “ஒரு சொட்டு கூடிப்போச்சுன்னா திருப்பி எடுக்க முடியாதும்மா. கொழம்புல உப்பு மாதிரி” என்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் பத்துப் பேருக்கு அந்த ஒரு சொட்டைப் பார்த்துப் பார்த்து விட்டோம். மதியம் அறுபதாவது ஆளுக்கு வரும்போது கண் சொருகிவிடும். மாவட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் பத்து கிராம் என்று எழுதிய மத்தியானங்கள் உண்டு. பிறகு சயனைடு கலந்த டிராப்கின் கரைசலும், 540 நானோமீட்டர் ஒளியில் படிக்கும் ஃபோட்டோமீட்டரும் வந்தன. கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. எண் நேர்மையானது.

நேர்மையான எண்தான், ஆனால் அது சொன்னது பாதிக் கதை. எங்கள் பக்கத்தில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம். அறுத்த நெல் குதிருக்குள் போகும். அன்றாடம் குத்திய அரிசி பானைக்கு வரும். ஹீமோகுளோபின் பானையில் இருக்கிற அரிசி. குதிரில் நெல் குறைந்துகொண்டே போனாலும் பானை பல மாதம் நிறைந்தே இருக்கும். குதிர் அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் பானையில் குறையத் தொடங்கும். உடம்பும் அப்படித்தான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைகிற நேரத்தில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் சேர்த்து வைத்த இரும்பு என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். நாங்களோ வருஷக் கணக்காகப் பானையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, ‘பன்னிரண்டு இருக்கு, ஒண்ணும் இல்ல’ என்று அனுப்பிக்கொண்டிருந்தோம்.

குதிரைப் பார்க்க அப்போது வழி இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி, ஸ்லைடில் தேய்த்து, பெர்ல்ஸ் சாயம் போட வேண்டும். 1867-இல் மாக்ஸ் பெர்ல்ஸ் கண்ட வழி அது. இரும்பு இருக்கிற இடம் நீலமாகும். நீலமே இல்லையென்றால் குதிர் காலி. எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி அதுதான். ஆனால் ‘உடம்பு அசதியா இருக்குக்கா’ என்று வருகிற பெண்ணின் இடுப்பெலும்பில் யார் ஊசி இறக்குவார்கள்?

இன்னொரு வழி சீரத்தில் ஓடும் இரும்பை அளப்பது. அந்தச் சோதனை இருக்கும் நாளில் எனக்கு முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும். குழாயில் ஒட்டியிருக்கிற துளி இரும்பும் கணக்கைக் கெடுக்கும். எல்லாக் குழாயையும் அமிலத்தில் ஊறப் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் மறுபடி மறுபடி அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் கை தவறிப் பட்டாலும் போச்சு. இத்தனை செய்தும், காலையில் ஒரு எண், சாயங்காலம் ஒரு எண். நேற்று ஒரு மாத்திரை போட்டிருந்தால் இன்னொரு எண். பானையில் இருப்பதையும் குதிரில் இருப்பதையும் விட்டுவிட்டு, இடையில் கூடையில் போய்க்கொண்டிருப்பதை நிறுத்தி அளந்தால் வேறென்ன கிடைக்கும்?

குதிருக்கு ஒரு பெயர் உண்டு: ஃபெரிட்டின். 1937-இல் செக் விஞ்ஞானி விலெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் பிரித்து, காட்மியம் உப்பைச் சேர்த்துப் படிகமாக்கினார். ஊர் பிர்னோ. மெண்டல் பட்டாணி வளர்த்த அதே ஊர். ஃபெரிட்டின் ஒரு புரதப் பந்து. 24 துண்டுகள் சேர்ந்து உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டிய கூடு. ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு வெறுமனே திரிந்தால் உடம்பைக் கெடுக்கும் என்பதால் பூட்டி வைக்கிற ஏற்பாடு.

இந்தக் கூடு செல்லுக்குள்தான் இருக்கும், ரத்தத்தில் வராது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1956-இல் கல்லீரல் நோயாளிகளின் ரத்தத்தில் அது தென்பட்டது. அது கல்லீரல் சிதைந்ததால் ஒழுகியது என்று விட்டுவிட்டார்கள். நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்திலும் ஒரு துளி ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. அதைப் பிடிக்கிற நுட்பம் அப்போது இல்லை. ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று வாசலில் நின்று உளறிய பிள்ளையைப் போல அந்த ஒழுகல் உள்ளே இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் காது இல்லை.

எவ்வளவு சின்ன உளறல் என்பதைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இரும்புச் சேமிப்பு தீர்ந்ததற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். மொட்டைமாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைய இருக்கிற தண்ணீரில் ஒரே ஒரு அரிசிமணியைப் பொடித்துக் கரைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. அதில் அரிசிமணி முழுசா, பாதியா என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காதைத் திறந்துவிட்டவர்கள் நியூயார்க்கில் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்று 1950-களில் எழுதினார்கள். இன்சுலின் போன்ற சின்னப் புரதத்துக்கு எதிர்ப்பொருளாவது என்று பத்திரிகை திருப்பி அனுப்பியது. அந்தக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் உரையில் எல்லோருக்கும் காட்டினார். பெர்சன் 1972-இலேயே இறந்துபோயிருந்தார். தங்கள் முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை.

முறை இதுதான். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில் நாற்பது சீட். சீட்டுகள் எதிர்ப்பொருள். சிவப்புச் சட்டை போட்ட நாற்பது பேரை நாம் ஏற்றுகிறோம். அவர்கள் கதிரியக்க அயோடின் ஒட்டிய புரதம். அதே நேரத்தில் ஊர்க்காரர்களும் ஏறுகிறார்கள். அது நோயாளியின் ரத்தத்தில் இருக்கிற புரதம். டவுனில் இறங்கும்போது சிவப்புச் சட்டை குறைந்திருந்தால் ஊர்க்கூட்டம் அதிகம். எண்ணுவது சிவப்புச் சட்டையை, தெரிந்துகொள்வது ஊர்க்கூட்டத்தை.

ஃபெரிட்டினுக்கு இதைச் சற்றுத் திருப்பிப் போட்டார்கள். 1972-இல் கார்டிஃப் நகரில் ஆலன் ஜேக்கப்ஸ் குழு புரதத்தை விட்டுவிட்டு எதிர்ப்பொருளுக்கே சிவப்புச் சட்டை மாட்டியது. ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்திலும் ஃபெரிட்டின் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. ஆண்களின் சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 69 நானோகிராம், பெண்களுக்கு 35. பாதி! இந்த இரண்டு எண்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உலகத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் கதிரியக்கம் இல்லாமலே சொல்லியிருப்பாள். அடுத்த வருஷம் அதே கார்டிஃபில் தன்னார்வலர்களிடமிருந்து தொடர்ந்து ரத்தம் எடுத்து, குதிரைக் காலி செய்தே அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஃபெரிட்டின் என்றால் உடம்பில் சுமார் 8 மில்லிகிராம் இரும்புச் சேமிப்பு என்று கணக்கு வந்தது.

கதிரியக்க முறை எங்கள் ஊர்ச் சின்ன ஆய்வகங்களுக்கு வரவில்லை, வரவும் முடியாது. அயோடின்-125-க்கு அரை ஆயுள் 60 நாள். கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆள் சேரட்டும் என்று காத்திருந்தால் அது தன்னால் தேய்ந்துவிடும். உரிமம் வேண்டும், காமா கவுண்டர் வேண்டும், கழிவைப் போட இடம் வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம் தைராய்டு ஹார்மோன்களுக்கும் இன்சுலினுக்கும் உள்நாட்டிலேயே கிட் தயாரித்தது. அதெல்லாம் பெரிய ஊர்களோடு சரி. நாங்கள் சீரத்தைப் பிரித்து, ஐஸ் போட்டு, ரயிலேற்றி அனுப்பிவிட்டு வழி பார்த்துக்கொண்டிருப்போம்.

கதிரியக்கத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நொதியை மாட்டியது 1971-இல். ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும், அதே வருஷம் நெதர்லாந்தில் ஆர்கனான் நிறுவனத்தில் இன்னும் இருவரும், தனித்தனியாக. நொதி நிறமற்ற கரைசலுக்கு நிறம் ஏற்றும். நிறத்தின் அழுத்தம்தான் அளவு. சுற்றிச் சுற்றி மறுபடி சாலி அண்ணாச்சியின் ஜன்னலுக்கே வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். நிறத்தைத்தான் பார்க்கிறோம், கண்ணுக்குப் பதில் மெஷின். இதுதான் எலைசா.

எலைசா தமிழ்நாட்டில் பரவியது சோகையால் அல்ல, பயத்தால். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். நிர்மலா மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, சோதனைக்கு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ரத்த வங்கிக்கெல்லாம் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாகி, எலைசா ரீடர் வந்தது. ரீடர் வந்த இடத்தில் மஞ்சள்காமாலை, தைராய்டு, கடைசியில் ஃபெரிட்டின். எச்.ஐ.வி. ஏறி வந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது எங்கள் இரும்பு.

1997-இல் நான் முதல் ஃபெரிட்டின் பிளேட் போட்டேன். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் தெர்மோகோல் பெட்டியில் கிட் வந்தது. காலையில் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி, வெயில் ஏறுவதற்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். எட்டுக்குப் பன்னிரண்டு, 96 குழி. குழியின் அடியில் ஃபெரிட்டினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசியிருக்கும். சீரத்தை விட்டால் ஃபெரிட்டின் ஒட்டும். மேலே நொதி கட்டிய இன்னொரு எதிர்ப்பொருளை விட்டால் அதுவும் வந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு கைக்கு நடுவில் ஆள் மாட்டிக்கொண்ட மாதிரி. மீதியைக் கழுவிக் கொட்ட வேண்டும். வாஷர் மெஷின் எங்களிடம் கிடையாது, வாஷ் பாட்டில்தான். பீச்சி, கவிழ்த்து, மடித்துப் போட்ட தினசரிப் பேப்பரின் மேல் தட்டு. ஐந்து முறை. மேசையெல்லாம் செய்தித்தாளும் ஈரமும். கழுவல் சரியில்லை என்றால் வெறுங்குழியும் நீலமாகும். கரைசல் நீலமாகும்போது நீர்த்த கந்தக அமிலம் விட்டால் மஞ்சளாகி நின்றுவிடும். அதை 450 நானோமீட்டரில் படித்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கையால் வளைவு போட்டு அளவைக் காண வேண்டும்.

கிட்டோடு வந்த தாளில் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைக்கவும் என்று போட்டிருந்தது. யாருடைய அறை? பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் கரண்ட் போன அறையும் அறைதான். ஓரத்துக் குழிகள் முதலில் சூடாகி அதிக எண் காட்டும். இரண்டு மூன்று பிளேட் பாழான பிறகு, பிளேட்டை ஈரத் துணி விரித்த எவர்சில்வர் டப்பாவுக்குள் மூடி வைக்கப் பழகினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை அது. வேலை செய்தது.

முதல் பிளேட்டில் நோயாளிகள் போக நாலைந்து குழி மிச்சம். வீணாக்குவானேன் என்று எங்கள் சீரத்தையே ஊற்றினோம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளை பெற்றவள், ஹீமோகுளோபின் 12.1. அதாவது, எந்த ஆஸ்பத்திரியிலும் நல்லா இருக்கீங்க என்று அனுப்பியிருப்பார்கள். என் ஃபெரிட்டின் 7. கார்டிஃப் கணக்கில் ஏழெட்டு ஐம்பத்தாறு மில்லிகிராம். ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம். நான் இரண்டு பேரை எதைக் கொண்டு சுமந்தேன் என்று அந்த மஞ்சள் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், சீப்பில் கொத்தாக முடி வருவதும், அந்த வயதிலும் அரிசி டப்பாவைத் திறந்தால் கை தானாகப் போவதும் ஒரே நிமிஷத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

அதன் பிறகு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி வந்தாள். நாளெல்லாம் குனிந்த தலை, மடியில் சுளகு. “யக்கா, சோறு வேண்டாம், பல்பம் ஒரு டப்பா குடுத்தா தின்னுருவேன். மாமியாளுக்குத் தெரிஞ்சா கொன்னுருவா.” ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டில்தான் இருந்தது, ஃபெரிட்டின் 4. மருத்துவர் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் கழித்து வந்தபோது, பல்பத்தை வாயில் வைத்தால் இப்போது மண் மாதிரி இருக்கிறது என்றாள். முதலில் இருந்தே மண்தானே என்று சொல்லி இருவரும் சிரித்தோம்.

மாஞ்சோலைப் பக்கத்துப் பெண்களையும் நினைக்கிறேன். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கர் காடு அது. தேயிலைக் கொழுந்து பறித்த காலில் ஏறிய அட்டையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்துக் குடலுக்குப் போகிற கொக்கிப்புழுவை மைக்ரோஸ்கோப்பில் முட்டையாகப் பார்த்தவர்கள் நாங்கள்தான். வகையைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் எடுக்கும். நூறு புழு என்றால் கணக்கு நீங்களே போடுங்கள்.

பறித்த தேயிலையும் சும்மா இல்லை. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஏறுவது வெகுவாகக் குறையும் என்று 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே நாட்டில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஃபெரிட்டின் கதையும் நடந்தது. 1860-இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் டர்பனில் வாழ்கிறார்கள். பெண்களிடம் இரும்பு வறட்சி. மாவில் கைவைக்காமல், அவர்கள் தினமும் போடுகிற மசாலாத் தூளில் இடிடிஏ-வோடு பிணைத்த இரும்பைக் கலந்து இரண்டு வருஷம் கொடுத்தார்கள். எங்கள் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிறோமே, அதே இடிடிஏ. யார் தூளில் இரும்பு, யார் தூளில் இல்லை என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. 1989-இல் முடிவு வெளியானது. இரும்புத் தூள் சாப்பிட்ட பெண்களிடம் இரும்புக் குறைவுச் சோகை 22 சதவீதத்திலிருந்து சுமார் 5 ஆக இறங்கியிருந்தது. குழம்பு வழியாகப் போய்க் குதிர் நிறைந்திருக்கிறது. சத்து மாத்திரை போட்டதும் டீக்கடைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இந்த இரண்டு கதையையும் சொல்லித்தான் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்வேன்.

ஃபெரிட்டின் அரிச்சந்திரன் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகப் பொய் சொல்லும். காய்ச்சல், புண், வீக்கம் எது வந்தாலும் அது ஏறும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் உடம்பு கதவைச் சாத்துகிற வேலை அது. குதிர் காலியாக இருக்கிறவளுக்கும் காய்ச்சல் அன்று 60 காட்டும். அதனால்தான் தொற்று இருக்கும்போது பெரியவர்களுக்கு 15-க்குப் பதில் 70-ஐ எல்லையாக வைத்துக்கொள் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி.யைப் பார்க்காத ஃபெரிட்டின் அரைச் சோதனை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ‘ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கே ஆச்சி’ என்பார்கள்.

கிட்டுக்குக் கிட்டும் வித்தியாசம். ஒரே பெண்ணின் ஒரே நாள் ரத்தத்துக்கு ஒரே தெருவில் இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் கொடுத்து, அவள் கணவர் இரண்டு தாளையும் என் மேசையில் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். உலகப் பொதுப் படிக்கல்லே மாறி மாறி வந்தது: முதலில் மனிதக் கல்லீரலிலிருந்து எடுத்தது, பிறகு மண்ணீரலிலிருந்து, மூன்றாவது ஆய்வகத்தில் மரபணு முறையில் செய்தது. கம்பெனிகள் எல்லாம் ஒரே படியால் அளப்பதாகச் சொல்கிறார்கள். படி ஒன்றுதான், அளக்கிற கை வேறே.

2016-இல் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளை 2021 கொரோனா இரண்டாம் அலையில் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேலை பார்த்த பிள்ளைகள் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். திருநெல்வேலி முழுக்க அப்போது ஃபெரிட்டின் என்ற வார்த்தை தெரியும். ஆட்டோக்காரர் கேட்கிறார், “ஆச்சி, எங்கண்ணனுக்கு ஃபெரிட்டின் எவ்வளவு?” இருபது வருஷம் நான் பெண்களிடம் மன்றாடிய சொல், ஆண்களின் நுரையீரல் மூலமாகப் பிரபலமாயிற்று. இரும்புக்காக அல்ல, அழற்சி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க. ஆயிரம், இரண்டாயிரம் என்று வந்தது. ஒரு நாள் மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு மெஷின் 400 சொன்னது. சி.ஆர்.பி. வானத்தில் இருந்தது. பொருந்தவில்லை. சீரத்தைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். உண்மையான எண் பல ஆயிரம். இது பழைய கோளாறு. இரண்டு கையும் சேர்ந்து ஒரு ஆளைப் பிடித்தால்தான் எண்ணிக்கையில் வரும். ஆள் கூட்டம் அளவுக்கு மீறினால் ஒவ்வொரு கையும் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கூட்டம் அதிகம், கணக்கு குறைவு. மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த சின்னப் பையனிடம், “ஏல, மெஷின் சொல்றத எழுதறதுக்கு ஒரு மெஷின் போதும், நீ எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். பிறகு வருத்தமாகத்தான் இருந்தது. அவன் நாலு நாளாக வீட்டுக்குப் போகவில்லை.

எல்லாச் சோகையும் இரும்புச் சோகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து கர்ப்பிணித் தொழிலாளிகளின் சோகையை ஆராய்ந்தார். இடையில் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். இரும்புக்கு அசையாத அந்தச் சோகை ஈஸ்ட் சாற்றுக்கு அசைந்தது. 1931-இல் எழுதினார். பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது அதுதான். 1970 முதல் அரசு கொடுக்கிற மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருப்பதற்கு வேர் அங்கே. மாத்திரை கொடுக்கத் தொடங்கி அரை நூற்றாண்டு தாண்டியும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் சோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 55. இதில் எத்தனை பேருக்குக் குதிர் காலி, எத்தனை பேருக்கு வேறு காரணம்? அந்த ஆய்வு பானையை மட்டும்தான் பார்த்தது. 2016-18-இல் குழந்தைகளுக்காக நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் முதன்முறையாகப் பெரிய அளவில் ஃபெரிட்டினும் பார்த்தார்கள். வளரிளம் பருவத்தில் சோகை 28 சதவீதம், இரும்புக் குறைவு 22. அதைவிட வினோதம், இரும்புக் குறைவு கிராமத்தைக் காட்டிலும் நகரத்துப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. பானையை மட்டும் பார்த்து எழுதிய சட்டதிட்டங்களை எல்லாம் மறுபடி யோசிக்க வைக்கிற எண்கள் இவை.

2025 ஜனவரியில் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அரசு அறிவித்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். சிவகளை எங்கள் ஆற்றின் கடைமடைப் பக்கம். ஐயாயிரம் வருஷத்து இரும்பை மில்லிகிராம் கரியை வைத்துக் காலம் கணிக்க அமெரிக்காவரை அனுப்ப முடிகிறது. நல்ல காரியம். நான் கேட்பது அதைவிடச் சின்னது.

கர்ப்பிணி ஒருத்தி முதல் முறை பதிவு செய்ய வருகிற அன்று அவள் கையில் ஊசி குத்தியாகிவிட்டது. ஊதா மூடிக் குழாயில் ஹீமோகுளோபினுக்கு. சிவப்பு மூடிக் குழாயில் எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிஸுக்கும் தைராய்டுக்கும். தைராய்டு ஓடுகிற அதே மெஷினில் ஃபெரிட்டினும் ஓடும், இருபது நிமிஷத்துக்குள் எண் வந்துவிடும். அதற்கு வேண்டிய சீரம் சில சொட்டு. அது அந்தச் சிவப்பு மூடிக் குழாயிலேயே மிச்சம் இருக்கிறது. சாயங்காலம் அதைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் அளந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு சி.ஆர்.பி.யும் போடுங்கள்.